புதுப்பிப்பு: மகளின் நீச்சலும் ஆஸ்துமாவும்

இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன்: 12 வயது மகள், 200 மீட்டர் பயிற்சியில் பாதியிலேயே இருமி, நெஞ்சை அடைக்கிறது என்று கரையேறிவிடுகிறாள், நீச்சலை நிறுத்திவிடலாமா என்று. நிறுத்தவில்லை.

நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) எடுத்தார், அப்புறம் ஓடவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். முதல் நொடியில் ஊதித்தள்ளும் காற்று நன்றாகவே குறைந்திருந்தது. ஆஸ்துமாதான். (மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால் குரல்வளைப் பிரச்சினையாக இருக்கலாமாம், அதற்கு இன்ஹேலர் உதவாது.)

நான் செய்த தப்பு, சால்பூட்டமால் இன்ஹேலரை மட்டுமே நம்பியது. அது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியை ஒன்றும் செய்யாது. இப்போது தினமும் ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து, அந்த அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். சால்பூட்டமால், தண்ணீரில் இறங்குவதற்கு 15 நிமிடம் முன்னால். மூன்றாவது வாரத்திலிருந்து இரவு இருமல் காணோம்.

ஊக்கமருந்து சோதனை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) விதிப்படி இன்ஹேலர் வழியாக சால்பூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல், எடுக்கலாம்.

அப்புறம் குளம். கண்ணை எரிக்கும் அந்தக் 'குளோரின் வாடை' உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன். மூடிய குளத்தில் அது நீர்மட்டத்துக்கு மேலேயே தங்கும், பிள்ளைகள் மூச்சிழுப்பதும் அங்கேதான். வாடை தூக்கலான நாளில் அவளை இறக்குவதில்லை, பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் சரி.