புதுப்பிப்பு: நீச்சல் பயிற்சியாளரின் இரவுநேரச் செய்திகள்

மகளின் பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு இரவில் தனித்தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார், வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் வரவேண்டாம் என்கிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

பெற்றோர் சிலர் சேர்ந்து நீச்சல் மன்றத்தின் செயலாளரைப் பார்த்தோம். "தங்கமான மனிதர், அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?" என்றுதான் ஆரம்பித்தார். நாங்கள் யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை, விதி வேண்டும் என்றோம். தங்கமான மனிதருக்கும் விதி பாதுகாப்புதானே! இப்போது செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டுமே வருகின்றன. வெளியூர்ப் பயணத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் உடன் வருவார். பயிற்சியாளர் எந்தப் பிள்ளையுடனும் அறையைப் பகிரக் கூடாது. உடைமாற்றும் அறைக்குள் கைப்பேசிக்குத் தடை. இவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்ட மட்டும் மறுக்கிறார்கள், பெயர் கெட்டுவிடுமாம்.

வெறும் சந்தேகத்துக்குப் புகார் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. செயலாளர் குரல் தணிந்தது இதைச் சொன்ன பிறகுதான்.

மகனைப் பற்றிக் கேட்டவருக்கு: 18 வயது நிரம்பாத ஆண்பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். பிள்ளைகளே அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.