ஏ.பி. தேர்வில் கிடைத்த கிரெடிட்டை அமெரிக்க மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்குக் கணக்கில் காட்டலாமா?

லாஸ்பேட்டை ஆசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். என் அக்கா குடும்பத்தினர் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்ற அக்கா மகள், இந்த மாதம் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஆகஸ்ட் இறுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர இருக்கிறாள். மருத்துவராக வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். வேதியியல் ஆசிரியர் என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பையும் நீட் தேர்வையும் முடித்த மாணவர் நேராக ஜிப்மரிலோ வேறு மருத்துவக் கல்லூரியிலோ சேர்ந்துவிடுகிற நம் முறைதான் எனக்குப் பழக்கம்; நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்குப் பிறகு மருத்துவக் கல்லூரியில் சேரும் அமெரிக்க முறையின் நுணுக்கங்கள் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வுகளில் அவள் உயிரியலிலும் வேதியியலிலும் 5-க்கு 5 பெற்றிருக்கிறாள். இந்த மே மாதம் நுண்கணிதம் பி.சி., இயற்பியல் 1, ஆங்கில மொழி ஆகியவற்றை எழுதியிருக்கிறாள். முடிவு ஜூலையில் வரும். இவற்றுக்குக் கிரெடிட் தந்து, அதாவது அந்தப் பாடங்களைக் கல்லூரியிலேயே படித்ததாகக் கணக்கில் கொண்டு, முதலாண்டுப் பாடங்களைத் தவிர்க்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறது. அப்படித் தவிர்த்தால் மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்து ஓராண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று அக்கா நினைக்கிறார். அவளோ முதல் பருவத்திலேயே கரிம வேதியியலைத் தொடங்க ஆசைப்படுகிறாள். பின்னாளில் மருத்துவக் கல்லூரிகள் இதை ஏற்காமல் போனால் என்ன செய்வது என்பதே என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் அம்மா எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவள். தற்போது டெக்சாஸில் இருக்கிறோம். என் மூத்த மகன் இதே வழியில் சென்று இப்போது மருத்துவம் படிக்கிறான் என்பதால், நாங்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

நுண்கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைத்த கிரெடிட்டை அவன் தயங்காமல் எடுத்துக்கொண்டான். உயிரியல் கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மரபியல், செல் உயிரியல், உடலியங்கியல் ஆகிய மேல்நிலைப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தோடு படித்தான். பொது வேதியியலை மட்டும், ஏ.பி.யில் நல்ல மதிப்பெண் இருந்தும், இரண்டு பருவங்களும் முழுமையாக மறுபடி படித்தான். கரிம வேதியியலுக்கு வலுவான அடித்தளம் வேண்டும் என்பது அவனுடைய எண்ணம்.

டெக்சாஸில் உள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு மாநிலத்தின் பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஏ.பி.க்குக் கிரெடிட் வழங்கி, அதைத் தன் மதிப்பெண் பட்டியலில் பதிவு செய்திருந்தால் அங்கே பொதுவாக அது கணக்கில் வருகிறது. உங்கள் அக்கா மகள் நியூ ஜெர்சியில் இருப்பதால் அவளுக்குப் பொருந்தும் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆகவே எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒஹையோ எழுதுகிறார்:

வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் பிறந்தவன்; ஒஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். மருத்துவம் நோக்கிச் செல்லும் மாணவர்கள் ஆண்டுதோறும் இதே கேள்வியோடு வருகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே முடிவெடுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, அவள் சேரும் பல்கலைக்கழகம். எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தப் பாடத்தின் கிரெடிட் தருவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இரண்டாவது, பின்னாளில் அவள் விண்ணப்பிக்கும் மருத்துவக் கல்லூரி. அந்தக் கிரெடிட்டைத் தன் முன்தகுதிப் பாடமாக ஏற்பதா இல்லையா என்பதை அது தனியே தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்துவிட்டது என்பதாலேயே மருத்துவக் கல்லூரியும் ஏற்றுவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கும் முன்தகுதி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம், உயிர்வேதியியல் ஒரு பருவம், இவற்றோடு ஓரளவு கணிதம் அல்லது புள்ளியியல், எழுத்துப் பயிற்சியுள்ள ஆங்கிலம். இவற்றுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்தான் கல்லூரிகள் வேறுபடுகின்றன. சில கல்லூரிகள் முழுமையாக ஏற்கின்றன. சில, அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் மட்டும் ஏற்கின்றன. வேறு சில, அறிவியல் பாடங்களுக்கு அறவே ஏற்பதில்லை. பள்ளியில் செய்த ஆய்வகப் பயிற்சியைக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஈடாக ஒப்புக்கொள்ளாத இடங்களும் உண்டு. கணிதத்தில் பொதுவாகச் சிக்கல் குறைவு. ஆங்கிலத்துக்கு ஏ.பி. கிரெடிட் இருந்தாலும், எழுதும் பயிற்சி மிகுந்த வேறொரு கல்லூரிப் பாடத்தைப் படித்துவிடுவது பாதுகாப்பானது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைத் தகுதிகளையும் தொகுத்து வைத்திருக்கிறது. எம்.டி. பட்டம் (அங்கே மருத்துவத்தின் முதல் பட்டமே இதுதான்) தரும் 150-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உள்ளன, ஏ.பி. பற்றிய நிலைப்பாட்டையும் அங்கே பார்க்கலாம். ஓரளவு விவரங்களுக்கு மேல் பார்க்கக் கட்டணம் உண்டு. இப்போதே பணம் கட்ட வேண்டியதில்லை. நியூ ஜெர்சியிலும் அண்டை மாநிலங்களிலும் அவள் விண்ணப்பிக்கக்கூடிய கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களை நேரடியாக வாசித்தாலே தெளிவு கிடைத்துவிடும்.

அந்தச் சங்கத்தின் பொது விண்ணப்பத்தில் ஏ.பி. கிரெடிட் தனி வகையாகக் காட்டப்படுகிறது. அதற்குக் கிரேடு இல்லாததால் ஜி.பி.ஏ. எனப்படும் கிரேடு சராசரிக் கணக்கில் சேர்வதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் கொண்டு அவர்கள் ஓர் அறிவியல் சராசரியைத் தனியே கணக்கிடுகிறார்கள். முதலாண்டுப் பாடங்களைத் தவிர்த்த மாணவருக்கு அந்தச் சராசரி முழுவதும் கடினமான மேல்நிலைப் பாடங்களையே சார்ந்து நிற்கும். நன்றாகப் படிப்பவருக்கு அது பெருமை சேர்க்கும். தடுமாறினால் ஈடுகட்டுவதற்கு எளிய பாடங்கள் மிஞ்சியிருக்காது.

பலர் கவனிக்காத ஒன்று பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல். கிரெடிட் வழங்கப்பட்ட பாடத்தின் பெயரும் கிரெடிட் எண்ணிக்கையும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். வெறுமனே மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டினாலோ, மேல்வகுப்பில் உட்கார அனுமதி அளித்துவிட்டுக் கிரெடிட் வழங்காமல் விட்டாலோ, மருத்துவக் கல்லூரியிடம் காட்ட எதுவும் இருக்காது. முதல் பருவத்திலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ஆசிரியர் எழுதுகிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, உங்கள் விளக்கத்துக்குப் பிறகு இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. பொது வேதியியலை அவள் மறுபடி படித்தால் ஏற்கெனவே கிடைத்த ஏ.பி. கிரெடிட் என்னவாகும்? மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கு இந்த முதலாண்டுப் பாடங்கள் எந்த அளவுக்குத் தேவைப்படுகின்றன?

முத்தியால்பேட்டையிலிருந்து ஒஹையோ எழுதுகிறார்:

ஒரே பாடத்துக்கு இருமுறை கிரெடிட் கிடைக்காது. கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்தால் அதற்குரிய ஏ.பி. கிரெடிட்டைப் பல பல்கலைக்கழகங்கள் நீக்கிவிடும். அதில் இழப்பு எதுவும் இல்லை. கிரேடோடு கூடிய பாடம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இதைப் பதிவுத் துறையிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

எம்கேட்டைப் பொறுத்தவரை, 2015-இல் வந்த புதிய வடிவத்தில் நான்கு பிரிவுகள் உள்ளன. வேதியியல், இயற்பியல் அடிப்படைகளைச் சோதிக்கும் பிரிவில் ஏறத்தாழ 30 சதவீதம் பொது வேதியியலிலிருந்தும், 25 சதவீதம் இயற்பியலிலிருந்தும், இன்னொரு 25 சதவீதம் உயிர்வேதியியலிலிருந்தும் வருகிறது. கரிம வேதியியலின் பங்கு 15 சதவீதம்தான். உயிரியல் பிரிவில் ஏறத்தாழ 65 சதவீதம் முதலாண்டு உயிரியலைச் சார்ந்தது. பதினாறு வயதில் படித்த பொது வேதியியலை, இடையில் ஒருமுறையும் தொடாமல், இருபது வயதில் நினைவுக்குக் கொண்டுவருவது கடினம். வேதியியல் கற்பிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வேதிச் சமநிலையும் அமில காரக் கணக்குகளும் கையில் படிந்திராத மாணவர் கரிம வேதியியலில் எப்படித் திணறுவார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பாகூர் மாணவி எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. என் சொந்த ஊர் பாகூர். அமெரிக்காவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேலே எழுதிய ஐயாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. அஞ்சி அஞ்சி எல்லாவற்றையும் மறுபடி படிக்கும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் ஓராண்டைத் தெரிந்த பாடத்திலேயே கழித்துவிடுகிறார்கள். நான் உயிரியல், நுண்கணிதம் இரண்டிலும் ஏ.பி. கிரெடிட்டை எடுத்துக்கொண்டதால், இரண்டாம் ஆண்டிலேயே உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் படிக்க முடிந்தது. ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சிப் பணி செய்யவும் மருத்துவமனையில் தன்னார்வலராக இருக்கவும் நேரம் கிடைத்தது. பல கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர்கள் இருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. நூற்றுக்கணக்கானோர் அமரும் முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் நம்மை அறிய வாய்ப்பு குறைவு. மேல்நிலை வகுப்புகள் சிறியவை என்பதால் என்னைப் பற்றி விரிவாக எழுதக்கூடியவர்கள் அங்கேதான் கிடைத்தார்கள்.

மூன்று ஆண்டில் பட்டம் முடிக்கும் எண்ணத்தை மட்டும் உங்கள் அக்காவிடம் மென்மையாக மறுத்துச் சொல்லுங்கள். வழக்கமாக இளநிலையின் மூன்றாம் ஆண்டு முடியும் கோடையில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். மூன்று ஆண்டில் முடிக்கும் மாணவர் இரண்டாம் ஆண்டின் முடிவிலேயே எம்கேட்டை எழுதி, ஆராய்ச்சி அனுபவத்தையும் நோயாளிகளுடன் பழகிய அனுபவத்தையும் காட்டியாக வேண்டும். அல்லது பட்டம் பெற்ற பிறகு ஓராண்டு காத்திருக்க வேண்டும். கட்டணச் சுமை உண்மையானதுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏ.பி. கிரெடிட்டால் மிச்சமாகும் நேரத்தை நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே நல்ல பாடங்களுக்குச் செலவிடுவது மருத்துவச் சேர்க்கைக்குக் கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

லாஸ்பேட்டை ஆசிரியர் எழுதுகிறார்:

மிக்க நன்றி, அம்மா. நேற்றிரவு அக்காவிடமும் மாமாவிடமும் பேசினேன். நுண்கணிதத்துக்கும் உயிரியலுக்கும் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு அதற்கு மேல் உயிரியல் பாடங்களைப் படிப்பது, பொது வேதியியலைக் கல்லூரியிலேயே படிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். கரிம வேதியியலை ஓராண்டு தள்ளிப்போடுவதில் அவளுக்குச் சற்று வருத்தம்தான். பொது வேதியியலின் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகும் அவளுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் மறுபடி பேசுவோம். இயற்பியல் 1 பற்றி மட்டும் முடிவெடுக்கவில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒஹையோ எழுதுகிறார்:

இயற்பியல் 1 என்பது நுண்கணிதம் இல்லாத இயற்பியலின் முதல் பாதி மட்டுமே. மின்சாரமும் காந்தவியலும் ஒளியியலும் அதில் இல்லை. எனவே அது எவ்வகையிலும் ஓராண்டு இயற்பியலுக்கு ஈடாகாது. முழு ஆண்டையும் கல்லூரியில் ஆய்வகத்தோடு படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமின்றி மதிப்பெண்ணை அனுப்ப ஜூன் 20 வரை, ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அவகாசம் தருகிறது. கிரெடிட்டை எடுத்துக்கொள்வதா விடுவதா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். மதிப்பெண்ணை இந்த வாரமே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.