பிப்பின் பக்குவத்தை அவன் பேச்சில் எங்கே காண்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் வார இதழில் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை அண்மையில் படித்து முடித்தேன். கதையைச் சொல்பவன் வளர்ந்துவிட்ட பிப் என்பதால், சிறுவயது நிகழ்ச்சிகளிலும் அதே தேர்ந்த நடைதான் இருக்கிறது. அப்படியிருக்க, அவன் மனம் பக்குவப்பட்டதை எந்தச் சொற்களைக் கொண்டு அறிவது?

பதில் 1:
கதை சொல்லும் நடையை ஒதுக்கிவிட்டு, அவன் வாய்ப்பேச்சைக் கவனியுங்கள். சீட்டாட்டத்தில் 'நேவ்' என்னும் சீட்டை அவன் பாமரர் வழக்கில் 'ஜாக்' என்று சொன்னதற்கு, பணக்கார வீட்டுச் சிறுமி எஸ்டெல்லா ஏளனம் செய்கிறாள். அன்றே அவன் தன் முரட்டுக் கைகளையும் கனத்த பூட்ஸையும் பார்த்து வெட்கப்படத் தொடங்குகிறான். அதன்பின் பேச்சு திருந்தத் திருந்த மனம் சிறுத்துக்கொண்டே போகிறது. பின்னர், யாரென்று தெரியாத ஒருவர் தந்த செல்வத்தால் லண்டனில் கனவானாக வாழும்போது, தன்னை வளர்த்த அக்காள் கணவர், கொல்லர் ஜோ, பார்க்க வருகிறார் என்றதும், பணம் கொடுத்துத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்கிறான். நாகரிகமான சொல்லைப் பக்குவமென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்த இடமே எனக்குப் போதும்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடையை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். அந்த வருகையின்போது (27ஆம் அத்தியாயம்) ஜோ ஒரு வாய் 'பிப்' என்றும் மறு வாய் 'சார்' என்றும் அழைத்துத் தடுமாறுகிறார். பிப்புக்கு எரிச்சல்தான் வருகிறது. தவறு தன்னுடையது என்பதை உணரும் அறிவும் நல்லுணர்வும் அப்போது தனக்கு இல்லை என்று பின்னாளைய பிப் எழுதுகிறான். 57ஆம் அத்தியாயத்தில் பிப் நோயில் கிடக்கையில், ஜோ பழைய உரிமையோடு பேசிப் பணிவிடை செய்கிறார். உடம்பு தேறத் தேற 'சார்' மீண்டும் தலைகாட்டுகிறது. இம்முறை, காரணம் தானே என்பது பிப்புக்கு அங்கேயே புரிந்துவிடுகிறது. முன்பு காலம் கடந்து வந்த தெளிவு இப்போது உடனே வருகிறதே, நீங்கள் தேடும் வளர்ச்சி அதுதான். ஜோவிடமோ அந்தப் பக்குவம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது: 27ஆம் அத்தியாயத்திலேயே, வாழ்க்கை என்பது பல பிரிவுகளைப் பற்றவைத்துச் சேர்த்தது என்று, தம் பட்டறைச் சொல்லையே எடுத்து, பிப்பின் மனம் நோகாமல் விடைபெறுகிறார்.

பதில் 3:
சிறுவயதில் பிப் உதவிய கைதி மாக்விச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவந்த அந்தக் கைதியே தன் செல்வத்துக்கு மூலம் என்று அறிந்ததும் பிப் அருவருத்து ஒதுங்குகிறான். பிறர் அறியாதிருக்க அவர் 'ப்ரோவிஸ்' என்ற பொய்ப்பெயரில், மாமா என்னும் உறவுமுறையோடு மறைந்திருக்க நேர்கிறது. சிறை மருத்துவமனையில் அவர் சாகும் தறுவாயில்தான், 'அன்புள்ள மாக்விச்' என்று மெய்ப்பெயரைச் சொல்லி அழைத்து, அவர் மகள் உயிரோடு இருக்கும் செய்தியைத் தெரிவிக்கிறான். எளிய இரண்டு சொற்கள்தாம். முதல் அருவருப்பை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அவற்றின் கனம் தெரியும். கேள்வி கேட்ட நண்பர் 39ஆம் அத்தியாயத்தையும் 56ஆம் அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.