ஒன்பது பல்புகள், ஒரு யாஷிகா

ராயபுரத்திலிருந்து:

என் பெரியப்பா கல்மண்டபம் பகுதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியைப் போன மாதம் இறக்கினோம். உள்ளே ஒரு யாஷிகா 635 பிலிம் கேமரா, விசிறிபோல விரியும் தட்டுடன் ஒரு பல்பு பிளாஷ், நீலம் பூசிய பிலிப்ஸ் பல்புகள் ஒன்பது. எங்கள் தெரு கடலுக்கு ஐந்து நிமிட நடை. உப்புக்காற்று சன்னல் கம்பியையே தின்றுவிடும் இடத்தில் இவை பிழைத்துக் கிடந்ததே பெரிய விஷயம்.

எலக்ட்ரானிக் பிளாஷில் பழகியவர்களுக்கு இந்தப் பல்பின் குணம் தெரிந்திருக்காது. கண்ணாடிக்குள் ஆக்சிஜனும் மயிரிழை மெலிவான உலோகச் சுருளும் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் குப்பென்று எரிந்து தீர்ந்துவிடும். ஒரு பல்பு, ஒரு படம். 'எரிகிறதா என்று பார்த்துவிடலாம்' என்று நினைத்தால், பார்த்ததோடு அந்தப் பல்பின் கதை முடிந்தது.

பிளாஷுக்கு 22.5 வோல்ட் பேட்டரி வேண்டும். பர்மா பஜாரில் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், கார் ரிமோட்டில் போடும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை எடுத்து, "ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 24 ஆயிற்று, போதாதா சார்?" என்றார். போதும். இந்த வகை பிளாஷில் பேட்டரி நேராகப் பல்பை எரிப்பதில்லை. அது கெபாசிட்டரை நிரப்புகிறது; கெபாசிட்டர் தன்னிடம் உள்ளதை ஒரே மூச்சில் பல்புக்குள் கொட்டுகிறது. ரிமோட் பேட்டரியின் நோஞ்சான் உடம்புக்கும் இந்த வேலை முடியும். என்னுடையதில் கெபாசிட்டரே காய்ந்து செத்திருந்தது. 220 மைக்ரோபாரட், 35 வோல்ட் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்துப் பற்றவைத்தேன். பேட்டரி ஆடாமலிருக்க அட்டையை மடித்துச் செருகினேன்.

பல்பை வீணாக்காமல் சோதிக்க ஒரு வழி செய்துகொண்டேன். பல்பு உட்காரும் இடத்தில் இரண்டு கம்பி வைத்து, டார்ச் லைட்டின் குட்டி பல்பை அதில் சேர்த்தேன். கேமராவின் விசையை அழுத்தினால் அது ஒரு முறை கண்சிமிட்டியது. "இதற்குத்தானா மூன்று நாள்?" என்று அம்மா கேட்டார்கள். ஆமாம், இதற்குத்தான்.

அன்று மாலையே பிலிம் போட்டு, ஷட்டரை (பிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு) 125-ல், அதாவது வினாடியில் 125-ல் ஒரு பங்கில் வைத்து, கூடத்தில் மூன்று பல்புகளை எரித்தேன். மூன்றும் பிரமாதமாக எரிந்தன, அம்மாவுக்குக் கண் கூசியது. குளியலறையில் கழுவிப் பார்த்தால் மூன்று நெகட்டிவும் ஒன்றும் பதியாமல் வெறும் கண்ணாடி!

இதற்குமேல் பல்பை இழக்க மனமில்லாமல், பெரியப்பாவிடம் டச்சிங் வேலை (படத்தைக் கையால் திருத்துவது) பார்த்த மாமாவைத் தேடித் தண்டையார்பேட்டைக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். கேமராவை வாங்கி லென்சுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரைப் பார்த்தவுடனே, "எக்ஸில் வைத்து 125-ல் எடுத்தாயா? பல்பு எரிவதற்குள் கதவை மூடிவிட்டாயே தம்பி" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எக்ஸ் என்பது எலக்ட்ரானிக் பிளாஷுக்கு உரியது. ஷட்டர் முழுதாகத் திறந்த கணத்தில் மின்சாரம் போகும். ஆனால் பல்பு சூடேறி உச்ச வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 20 மில்லி வினாடி ஆகும். 125-ல் ஷட்டர் திறந்திருப்பதோ 8 மில்லி வினாடி. நான் கண்ட அத்தனை வெளிச்சமும் ஷட்டர் மூடிய பிறகு வந்தது. லீவரை எம்மில் வைத்திருந்தால் பல்புக்கு முதலில் நெருப்பு வைத்துவிட்டு, அது உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து ஷட்டர் திறக்கும்.

"அப்படியானால் எம்மில் வைக்கட்டுமா மாமா?" என்றேன். அவர் லீவரை வி-க்குத் தள்ளி, தானாகப் படமெடுக்கும் டைமரை ஓட்டிப் பார்த்தார். கர்ரென்று கிளம்பிப் பாதியில் படுத்துவிட்டது. "இதன் பல்சக்கரத்தில் கிரீஸ் இறுகிக் கிடக்கிறது. எம்முக்குக் காத்திருப்பதும் பல்சக்கரம்தான், நம்பாதே. எக்ஸிலேயே இருக்கட்டும், 30-ல் வை." 30 என்றால் 33 மில்லி வினாடி. பல்பு எப்போது உச்சத்துக்கு வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். ஆள் அசையாமல் இருந்தால் போதும். இந்த மில்லி வினாடிக் கணக்கெல்லாம் நான் பிற்பாடு போட்டது. அவர் கணக்குப் போடவில்லை, 30 என்றார், அவ்வளவே.

மீதி ஆறு பல்புகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு நீலப் பொட்டு இருக்கும். காற்றும் ஈரமும் புகுந்திருந்தால் அது ரோஜா நிறமாகிவிடும். அப்படிப்பட்ட பல்பு எரியும்போது வெடிக்கக்கூடும். ஒன்றில் பொட்டு வெளுத்து ரோஜாவாகியிருந்தது. அதைத் தனியே ஒதுக்கிவிட்டார். இன்னொன்றை எடுத்து, அடியில் மடித்துவிட்ட கம்பியை நாக்கில் தடவிவிட்டுச் செருகினார். நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "களிம்பேறிய கம்பியில் எச்சில் பட்டால்தான் கரண்ட் ஓடும். நாங்கள் இப்படித்தான் ஆயிரம் கல்யாணம் எடுத்தோம்" என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைப் படக்காரர்களும் இப்படி நக்கித்தான் செருகினார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன், ஆனாலும் கண்ணெதிரே பார்ப்பது வேறு.

தூரக் கணக்கு எளிது. பிலிமின் வேகத்துக்கு (வெளிச்சத்தை உணரும் திறன்) ஏற்ற எண்ணை அடிக்கணக்கில் தூரத்தால் வகுத்தால் லென்சின் துவார அளவு, அதாவது எஃப் எண், கிடைக்கும். 100 வேகப் பிலிமுக்கு என் கணக்கில் 110. பத்தடியில் நின்றதால் எஃப் 11. மாமாவையும் மாமியையும் கூடத்தில் உட்கார வைத்து எடுத்தேன். அடுத்த பல்பில் மாமி மட்டும். இரண்டும் படமாக விழுந்தன. கன்னத்தின் வளைவுவரை வெளிச்சம் மெத்தென்று படிந்திருந்தது. இன்றைய பிளாஷில் எனக்கு இது வந்ததே இல்லை.

பெரம்பூரிலிருந்து:

படித்ததும் என் அக்கா திருமணம் நினைவுக்கு வந்தது. 1971. படத்துக்கு ஒரு விலை, பல்புக்குத் தனி விலை. ஒவ்வொரு முறை பளிச்சிடும்போதும் அப்பா விரலை மடித்து எண்ணிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவர் ஏதோ ஜபம் செய்கிறார் என்று நினைத்தார்களாம். எரிந்த பல்புக்காகப் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். மேல்பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, உள்ளே வெள்ளையாகப் புகைபடிந்து அழகாக இருக்கும். ஆறுவதற்குமுன் பிடித்து நான் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டேன். ஆல்பத்தில் பன்னிரண்டு இடம், பதினொரு படம். தாலி கட்டும் நேரத்தில் பல்பு எரியவில்லை. படக்காரர் எச்சில் தொட மறந்திருப்பார் என்று இப்போது தெரிகிறது.

எண்ணூரிலிருந்து:

நண்பரே, 30 என்பது உங்கள் யாஷிகாவுக்குச் சரி. அதில் ஷட்டர் லென்சுக்குள் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஜெனித் கேமரா, பிலிமுக்கு முன்னால் துணித்திரை ஓடும் வகை. 125-ல் வைத்துப் பல்பை எரித்தேன். படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சம், மீதி இருட்டு. அந்த வேகத்தில் திரை முழுதாகத் திறப்பதே இல்லை, ஒரு இடுக்குதான் பிலிமின்மீது நகர்கிறது. அதற்கென்றே நீண்ட நேரம் சீராக எரியும் எஃப்பி பல்புகள் அந்தக் காலத்தில் வந்தன. அவை கிடைக்காவிட்டால் 30-க்கும் கீழே இறங்குவதுதான் வழி. இன்னொரு கேள்வி: கலர் பிலிமில் முயன்றீர்களா? என்னிடம் இருப்பவை பூச்சில்லாத வெள்ளைப் பல்புகள்.

ராயபுரத்திலிருந்து:

கலரில் இன்னும் எடுக்கவில்லை. நீலப் பூச்சே கலருக்காகத்தான், பகல் வெளிச்சத்தோடு ஒத்துப்போக. உங்கள் வெள்ளைப் பல்பில் எல்லாரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள்போல வருவார்கள். கறுப்பு வெள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யார் முகத்துக்கும் அருகில் வைத்து எரிக்காதீர்கள். கீறல் விழுந்த பல்பை எரிக்கவே வேண்டாம்.

பெரம்பூர் அண்ணா, உங்கள் அப்பாவின் நிலைமை இப்போது எனக்கும். மூன்று பல்புகள் மீதி. அதில் ஒன்றை மாமா தன் பேத்தியின் வளைகாப்புக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். கம்பியை உப்புத்தாளால் தேய்த்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஒன்றும் வேண்டாம், அன்றைக்கு நான் வந்து நக்கிக்கொள்கிறேன்" என்று பதில்.