கவர் பாட்டு, டிரிப்யூட் ஆல்பம், டிரிப்யூட் பேண்ட்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ராக் இசை பத்தி ஒரு தொடர் எழுதிட்டு இருக்கேன், நாலாவது பகுதியில வந்து நல்லா மாட்டிக்கிட்டேன். ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் பாடுற கவர், அப்படிப் பாடுற கவர் பேண்ட், ஒருத்தரைப் பாராட்டி அவர் பாட்டுகளைப் பல பேர் பாடுற டிரிப்யூட் ஆல்பம், ஒரே பேண்டோட பாட்டை மட்டும் வாசிக்கிற டிரிப்யூட் பேண்ட், இந்த நாலுக்கும் சொல் வேணும். நம்ம பழைய கலைச்சொல் பட்டியல்ல கவருக்கு "மறுபாடல்", டிரிப்யூட்டுக்கு "அஞ்சலி"ன்னு போட்டிருக்கு. ரெண்டும் எனக்கு ஒத்து வரல.

அஞ்சலியை முதல்ல சொல்லிடுறேன். 1993-ல ஈகிள்ஸ்ங்கிற அமெரிக்க ராக் பேண்டோட பாட்டுகளை கன்ட்ரி (அமெரிக்க கிராமிய இசை) பாடகர்கள் ஆளுக்கொண்ணா பாடி 'காமன் த்ரெட்'னு ஒரு ஆல்பம் வந்துச்சு. அதுல டிராவிஸ் டிரிட் பாடின 'டேக் இட் ஈஸி' வீடியோவுக்காக, 1980-லயே சண்டை போட்டுப் பிரிஞ்ச ஈகிள்ஸ் ஆளுங்களைக் கூப்பிட்டாங்க, அவங்களும் வந்து நின்னாங்க, அடுத்த வருஷமே பேண்ட் திரும்பச் சேர்ந்து டூர் கிளம்பிடுச்சு. இதைப் போய் "ஈகிள்ஸ் அஞ்சலித் தொகுப்பு"ன்னு எழுதினா படிக்கிறவன் கண்ணு முன்னாடி பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் வரும், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, தோற்றம் மறைவு தேதியோட. படுத்துக் கிடந்த பேண்டை எழுப்பி விட்ட ஆல்பம்ங்க அது.

மறுபாடல் இன்னும் மோசம். அதே ஆளு தன் பாட்டையே ரெண்டாம் தடவை ரெக்கார்ட் பண்ணாலும் அது மறுபாடல்தானே? அடுத்தவன் பாட்டைப் பாடுறதுங்கிறது அதுல எங்க வருது? பெரியவங்க சொல்லுங்க.

* * *

தம்பிக்கு,

இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, நன்னூலில் எடுத்துக்கொள்ளலாம். நூல் மூவகை என்கிறான்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முதல்நூலோடு முழுவதும் ஒத்து வந்து, தான் வேண்டிய சிறு மாற்றம் செய்துகொள்வது வழிநூல். நீங்கள் சொல்கிற கவர் அதுதானே? அப்படியென்றால் மூலப்பாட்டு முதற்பாட்டு, கவர் வழிப்பாட்டு, அதைப் பாடுகிற கூட்டம் வழிப்பாட்டுக் குழு. டிரிப்யூட்டுக்குச் சாற்றுகவி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருவர் நூல் எழுதினால் சக புலவர்கள் பாராட்டிப் பாடிக் கொடுப்பார்கள், நூலோடு சேர்த்தே அச்சிடுவார்கள். ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே வருவது. அதை வைத்துச் "சாற்றிசை" என்று சொல்லிப் பாருங்கள்.

ராக் எல்லாம் நான் கேட்டதில்லை. சொல்லை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.

* * *

ஐயா, வழிப்பாட்டு அருமை, ஆனா ஒரு ப் விட்டுப்போச்சுன்னா வழிபாட்டுக் குழு ஆயிடும். போன்ல டைப் பண்ணிப் பார்த்தேன், ரெண்டு தடவை கீபோர்டே ப்-ஐ முழுங்கிடுச்சு. மார்கழி பஜனைக்கு கிடாரைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. (டிரிப்யூட் பேண்டுகளைப் பார்த்தா அதுவும் பெரிய தப்பில்லன்னு தோணுது, அது வேற விஷயம்.)

சாற்றிசையில ஒரே ஒரு இடறல். சாற்றுகவின்னா புலவரைப் பத்தி மத்தவங்க எழுதுறது. டிரிப்யூட் ஆல்பத்துல அவர் பாட்டையே அவருக்குப் பாடிக் காட்டுறாங்க. பாட்டெழுதிப் பாடுற லெனர்ட் கோஹனுக்கு 1991-ல 'ஐ'ம் யுவர் ஃபேன்'னு ஒண்ணு வந்துச்சு, பிரான்ஸ்ல ஒரு இசைப் பத்திரிகை தயாரிச்சது. அதுல யாரும் கோஹன் புகழ் பாடல, கோஹன் பாட்டைத்தான் பாடினாங்க. யாரையாவது பிடிக்கும்னா அவருக்குப் பிடிச்சதைச் சமைச்சு முன்னாடி வைப்போம்ல, "படையல்"னு சொன்னா என்ன? படையல் தொகுப்பு.

* * *

படையல் வேண்டாம்ப்பா. அமாவாசைக்கு அப்பா படத்துக்கு முன்னாடி இலை போட்டு வடை வைக்கிறதும் படையல்தான். அஞ்சலியைத் துரத்திட்டு அதே வீட்டுக்குப் பின்வாசல் வழியா வர்ற.

நான் பெங்களூர்ல மூணு வருஷம் கவர் பேண்ட்ல பேஸ் கிடார் வாசிச்சவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. ஒரு பப்புல வாரா வாரம் வியாழக்கிழமை எங்க முறை. முதலாளி ஒரே கண்டிஷன் போட்டாரு, கடைசிப் பாட்டு ஈகிள்ஸோட 'ஹோட்டல் கலிஃபோர்னியா', வேற எது வாசிச்சாலும் எனக்குக் கவலையில்லன்னு. எங்க கிட்ட இருந்தது ஒரே கிடாரிஸ்ட். அந்தப் பாட்டு கடைசியில ரெண்டு கிடார் சேர்ந்து இறங்கி வரும் பாருங்க, அந்த ரெண்டாவது கிடாரை கீபோர்ட் பையன் வாசிப்பான். கிடார் கழுத்துல ஏழாவது கட்டையில (ஃப்ரெட்) சுருதி ஏத்துற கேப்போ கிளிப்பை மாட்டி ஆரம்பிக்கும்போதே கூட்டம் கத்தும், சோலோ வந்தா ஒவ்வொரு நோட்டையும் வாயாலயே பாடுவாங்க. ஒருநாள் எங்க ஆளு சலிச்சுப் போய் அந்த இடத்துல சொந்தமா எதையோ வாசிச்சான். முன் டேபிள்ல இருந்த ஒருத்தர் கிளாஸைக் கீழ வெச்சுட்டு, என்னமோ சாப்பாட்டுல கல்லு கடிச்ச மாதிரி நிமிர்ந்து பார்த்தாரு பாருங்க, அந்த மூஞ்சி இன்னும் மறக்கல. அடுத்த வாரத்துல இருந்து ரெக்கார்ட்ல இருக்கிறது அப்படியே.

நான் சொல்ல வந்தது, ரசிகர் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல. மேடையில மாத்தினா கோபம், ஆல்பத்துல மாத்தலைன்னா கோபம். டிரிப்யூட் ஆல்பம்னா "அப்படியே பாடுறதுக்கு மூல ரெக்கார்டையே கேட்டுட்டுப் போறேனே"ன்னு அதே மனுஷன் சொல்லுவாரு. கார்பென்டர்ஸ்ங்கிற அண்ணன்-தங்கை பாப் குழுவுக்கு 1994-ல வந்த ஆல்பத்துல சோனிக் யூத்ங்கிற இரைச்சல் ராக் பேண்ட் 'சூப்பர்ஸ்டார்' பாடினது பத்தி இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்க, இத்தனைக்கும் அந்தப் பாட்டு கார்பென்டர்ஸுக்கே சொந்தமில்ல, டிலேனி அண்ட் பானிங்கிற வேற குழுகிட்ட இருந்து வந்தது. அதனால கவர் பேண்டையும் டிரிப்யூட் பேண்டையும் ஒரே சொல்லுல அடைக்காதீங்க. நாங்க ஒரே ராத்திரியில பத்துப் பேர் பாட்டை வாசிப்போம், சொந்தச் சட்டையில. டிரிப்யூட் பேண்டுன்னா ஒரே ஒரு பேண்டோட பாட்டு மட்டும். பூட்லெக் பீட்டில்ஸ் மாதிரி விக், சூட்டு, பால் மெக்கார்ட்னி வேஷம்னா இடதுகை பேஸ்னு இறங்குறவங்க ஒரு வகை. நியூயார்க்ல ஃபேப் ஃபோ மாதிரி வேஷம் எதுவும் கட்டாம ரெக்கார்ட்ல கேக்குற சத்தத்தை மட்டும் மேடையில கொண்டுவர்றவங்க இன்னொரு வகை. என் ஓட்டு "பாவனைக் குழு".

* * *

வணக்கம், இவ்வளவு நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தவன்.

கவருக்கு "கவர்பாட்டு"ன்னே வெச்சா என்ன? சிரிக்காதீங்க. கவர்தல் தமிழ் வினைதானே. கவர்ந்த பாட்டு, கவர்கிற பாட்டு, கவரும் பாட்டு, முக்காலத்துக்கும் பொருந்துற வினைத்தொகை. ஐயா சொல்லட்டும். கேக்குறவனுக்கு இங்கிலீஷ் சொல் மாதிரியே இருக்கும், இலக்கணம் கேட்டா நம்ம சொல்.

வரலாறும் பொருந்துது. 1950-கள்ல அமெரிக்காவுல கவர்னா மரியாதைச் சொல் இல்ல, ஒரு கம்பெனி பாட்டு ஓடுதுன்னா அந்த விற்பனையில பங்கு அடிக்க இன்னொரு கம்பெனி அவசரமா வேற ஆளை வெச்சு அதே பாட்டைப் போடும். 1955-ல ஃபேட்ஸ் டோமினோ பாடின 'எய்ன்ட் தட் எ ஷேம்' கறுப்பர் இசைக்கான ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியல்ல முதலிடம், அதையே வெள்ளைக்காரப் பாடகர் பேட் பூன் பாடி பாப் பட்டியல்ல முதலிடம். வெள்ளைக்காரங்க ரேடியோவுல பூன் குரல்தான் அதிகம் போச்சு. வெட்சித் திணையில ஆநிரை கவர்ந்துட்டுப் போவாங்களே, அச்சு அசலா அதேதான். மாடு டோமினோவோடது, பால் பூன் வீட்டுல.

* * *

வினைத்தொகை சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவர்தலில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறதே? எல்லாக் கவரும் கொள்ளையா?

* * *

ஐயா கேட்டது நியாயமான கேள்வி, நான் அதுக்குத்தான் பயந்தேன். 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாப் டிலன் பாட்டு, 1967. ஒரு வருஷத்துக்குள்ளயே கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எடுத்து வேற உருவமாக்கிட்டாரு. 1974 டூர்ல இருந்து டிலனே மேடையில அதை ஹெண்ட்ரிக்ஸ் பக்கம் சாய்ஞ்ச மாதிரிதான் வாசிக்கிறாரு. கவர்ந்து போன மாடு கன்னோட திரும்பி வந்த கதை இது, இதைக் கொள்ளைன்னு எப்படிச் சொல்றது. 'நகல்'னும் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது நல்லது கெட்டது சொல்லாத ஒரு சொல், திட்டுறதும் புகழ்றதும் அடுத்த வாக்கியத்துல நான் பார்த்துக்கறேன்.

* * *

இதுக்கு வள்ளுவர்கிட்டயே பதில் இருக்கே, கனி இருப்பக் காய் கவர்ந்தற்று. அங்க கவர்தல்னா கொள்ளை இல்ல, எடுத்துக்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பு கவர்தல்ல இல்ல, கனியா காயாங்கிறதுல இருக்கு. மோசமான கவருக்கு விமர்சனம் எழுத இதைவிட நல்ல வரி வேற கிடைக்காது.

அப்புறம் சட்டத்தையும் பார்த்துக்கோங்க. நம்ம காப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்துல 31சி-ன்னு ஒரு பிரிவு கவருக்குன்னே வந்துச்சு. முதல் ரெக்கார்டிங் வந்த வருஷம் முடிஞ்சு 5 வருஷம் ஆகணும், ராயல்டி கட்டணும், குறைஞ்சது 50,000 காப்பிக்கு. உறையில பழைய பாடகர் பேரோ படமோ போடக்கூடாது, இது கவர்தான்னு எழுதியே ஆகணும். முக்கியமா, பாட்டுலயோ இசையிலயோ தேவையில்லாம கை வைக்கக்கூடாது. அமெரிக்காவுல 1909-லயே இந்த மாதிரி கட்டாய உரிமம் வந்தாச்சு, அங்கயும் உன் பாணிக்குத் தகுந்தபடி வாசிச்சுக்கோ, அடிப்படை மெட்டை மாத்தாதேங்கிறதுதான் இப்ப இருக்கிற விதி. மொத்தத்துல சட்டம் அக்காவோட முன் டேபிள்காரர் கட்சி.

* * *

வணக்கம், டொரன்டோவில இருந்து.

பாவனைக் குழு எண்டு மட்டும் வைக்காதேங்கோ. எங்கட பக்கத்தில பாவனை எண்டால் பாவிக்கிறது. பாவனையாளர் எண்டால் சாமான் வாங்கிப் பாவிக்கிற சனம், மருந்துப் போத்தலில பாவனைக் காலம் எண்டு போட்டிருக்கும். பாவனைக் குழு எண்டு கேட்டால் நான் ஏதோ விலைக் கட்டுப்பாட்டுக் கூட்டம் எண்டுதான் நினைப்பன்.

ஒண்டை ஒண்டு உரிச்சு வைச்ச மாதிரி இருந்தால் நாங்கள் "அச்சொட்டாக" எண்டு சொல்லுவம். அச்சொட்டுக் குழு எப்பிடி? வேசம் போட்டாலும் சரி, போடாட்டிலும் சரி, சத்தம் அச்சொட்டாக இருக்கோணும், அவ்வளவுதான். டார்க் ஸ்டார் ஓர்கெஸ்ட்ரா எண்டு சிகாகோவில 1997-ல தொடங்கின குழு இருக்கு. கிரேட்ஃபுல் டெட் எண்ட குழு எண்டைக்கோ ஒரு நாள் வாசிச்ச கச்சேரியை எடுத்து, அதே பாட்டு, அதே ஒழுங்கில வாசிப்பினம். அந்த வருசம் டெட்டில ஒரு ட்ரம்மர்தான் எண்டால் இவையும் ஒராள்தான், ரெண்டு பேர் எண்டால் ரெண்டு பேர். எந்த ஊர், எந்தத் தேதி எண்டு கடைசியிலதான் சொல்லுவினம். அதுவரைக்கும் சனம் தங்களுக்குள்ள 73-ஓ 77-ஓ எண்டு பிடுங்குப்படும்.

* * *

அச்சொட்டுக் குழு! இதை நான் எடுத்துக்கறேன், எங்க ஊர் "அச்சு அசல்"லயும் பாதி இருக்கு. இப்ப பாருங்க, எழுதவே வசதியா இருக்கு: ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்ட் 1996-ல புதுப் பாடகரா எடுத்த டிம் ஓவென்ஸ், ஒஹையோவுல அவங்க பாட்டையே பாடிட்டு இருந்த ஒரு அச்சொட்டுக் குழுக்காரர். ஜர்னி பேண்ட் 2007-ல யூடியூப்ல பார்த்து மணிலாவுல இருந்து கூப்பிட்ட ஆர்னெல் பினேடா, பல பேர் பாட்டைப் பாடின கவர்பாட்டுக் குழுக்காரர். ரெண்டு பேரும் மூலக் குழுவுக்கே போனவங்க, ஆனா கிளம்பின இடம் வேற வேற. இவ்வளவு நாள் ரெண்டையும் "நகல் குழு"ன்னு எழுதிட்டு இருந்தேன், வெக்கமா இருக்கு.

டிரிப்யூட் ஆல்பம்தான் இன்னும் இழுக்குது. "காணிக்கைத் தொகை"ன்னு வைக்கலாம்னு பார்த்தேன், உண்டியல் எண்ணின கணக்கு மாதிரி கேக்குது. வேற ஒண்ணும் தோணலைன்னா ஐயாவோட சாற்றிசையே போடுறேன், முதல் தடவை வர்ற இடத்துல ஒரு வரி விளக்கத்தோட.

ஐயா, உங்களுக்குத் தனியா மூணு லிங்க் அனுப்பியிருக்கேன், 'ஹாலேலூயா'. மூணையும் வரிசையா கேளுங்க. முதல்ல கோஹன், 1984. அடுத்தது ஜான் கேல், மேல சொன்ன 1991 ஆல்பத்துல பாடினது. மூணாவது ஜெஃப் பக்லி, 1994.

* * *

தம்பிக்கு,

கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். முதலாமவர் பாடுவது சொற்பொழிவு போல இருக்கிறது, பின்னால் கோரஸ் வேறு. இரண்டாமவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பியானோவோடு உட்கார்ந்துவிட்டார், முதலாமவரிடம் இல்லாத அடிகளும் வருகின்றன. தேடிப் பார்த்தேன். இவர் வரிகளைக் கேட்டதற்குக் கோஹன் 15 பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினாராம், அதிலிருந்து பொறுக்கிக்கொண்டதாக இவரே சொல்லியிருக்கிறார். ஆகவே வழிப்பாட்டு என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை, நீங்கள் கவர்பாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பையன் பாடுவது கேலின் வழி. கோஹன் பாடியதைக் காட்டிலும் கேல் பாடியதற்குத்தான் நெருங்கி நிற்கிறது, ஆனால் அதுவும் முழுதாக இல்லை. முதலுக்கும் வழிக்கும் ஒரு புடை ஒத்து, மற்றதில் வேறுபடுவதைச் சார்புநூல் என்கிறார் நன்னூலார். கவருக்குக் கவர் சார்புப்பாட்டு. இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் இது பச்சை நிறப் பூதம் வரும் 'ஷ்ரெக்' படத்துப் பாட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கிறான். படத்தில் வருவது கேல் குரலாம், அந்தப் படத்தின் பாட்டு சிடியில் இருப்பது ரூஃபஸ் வெயின்ரைட் என்று வேறொருவர் குரலாம். அவனுக்கு அந்த சிடியில் இருப்பதுதான் முதற்பாட்டு. அவனிடம் நான் எந்தச் சொல்லைச் சொல்வது?