மறு: டிஎக்ஸிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

தூரத்து வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் டிஎக்ஸிங் என்ற பொழுதுபோக்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இவ்வளவு நேரமும் ஓரமாக இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இனியும் சும்மா இருந்தால் "தொலைக்கேட்பு" என்று முடிவாகி சொற்பட்டியலில் ஏறிவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தொலைக்கேட்பு போதுமே. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் வரிசையில் அழகாக உட்காரும்.

உட்காரும் ஐயா, ஆனால் எதையும் பிரித்துக் காட்டாது. வானொலி என்றாலே எட்ட இருந்து வருவதைக் கேட்பதுதானே. கொழும்பு 7 இல் இருக்கும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சியை நான் அதே நகரத்து வெள்ளவத்தையில் கேட்டாலும் அது தொலைக்கேட்புத்தான். டிஎக்ஸ் என்ற எழுத்து இரண்டும் தந்திக்காரர் தூரம் என்பதற்கு வைத்த சுருக்கம், அதுவரைக்கும் சரி. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வெறும் தூரத்தை வைத்து ஒன்றை டிஎக்ஸ் என்று எண்ணுவதில்லை. இதைத்தான் இழையில் ஒருவரும் தொடவில்லை.

ஒரு உதாரணம். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் இந்திய வானொலி 200 கிலோவாட் பரப்பி (ஒலிபரப்பும் கருவி) ஒன்றை நிறுவியது, அது இலங்கைக்கென்றே. கொழும்பிலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் ஏறக்குறைய 280 கிலோமீற்றர், நடுவில் மன்னார் வளைகுடா. அந்த நிலையத்தைக் கொழும்பில் கேட்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? நமக்காக அனுப்பினார்கள், நாம் கேட்டோம். ஆனால் அதே தூத்துக்குடிப் பக்கத்தில், ஊருக்குள் கேட்டால் போதும் என்று வைத்த ஒரு சின்ன எப்.எம். நிலையம், காற்று அடங்கிய ஒரு இரவில் வெள்ளவத்தைக் கடற்கரையில் தெளிவாக விழுந்தால் அது டிஎக்ஸ். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம், அந்த ஒலிபரப்பு யாரை நினைத்து அனுப்பப்பட்டது என்பதில்தான் இருக்கிறது.

மறுபக்கமும் அப்படித்தான். புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட்டோடு நிற்கும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் பரப்பி இந்தியாவை நோக்கியது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதைப் பிடித்தேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. பழைய இலங்கை வானொலிக் கதையும் இதேதான். 1950களில் இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளிவைத்தபோது கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் முள்ளை இந்தப் பக்கம் திருப்பினார்கள். பிறகு மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று நம் அறிவிப்பாளர்கள் திருநெல்வேலியிலும் மதுரையிலும் வீட்டுப் பெயர்களாக இருந்தார்கள். அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நேயர்கள். "நேயர்களே" என்று அவர்களைப் பார்த்துத்தான் இங்கிருந்து பேசினார்கள். டிஎக்ஸ் செய்கிறவரை அந்த நிலையத்துக்குத் தெரியாது, அவர் ஒருவர் இருப்பதாகவே நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே "தொலைநேயர்", "தூரநேயர்" இரண்டையும் தயவுசெய்து கைவிடுங்கள்.

> கேட்டல் என்ற வினை இல்லாமல் வானொலிக்கு எப்படிச் சொல் ஆக்குவது?

அந்த வினையில்தான் எனக்குப் பெரிய தகராறு. டிஎக்ஸ் செய்கிறவர் கேட்பதே இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும், இவர் பாட்டு எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருப்பார். நிலையத்தின் பெயர் வரவேண்டும், அல்லது ஏதாவது கடையின் முகவரி வரவேண்டும். வந்ததும் நேரத்தையும் மீடிறனையும் (இந்தியத் தமிழர்களுக்கு: அதிர்வெண்) குறித்துவிட்டு அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுவார். பெயர் வரும்வரை காத்திருப்பது சும்மா சடங்கு அல்ல. சூரியன் என்று ஒரு எப்.எம். கொழும்பிலும் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. பாட்டை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, இரண்டு பக்கமும் அதே இளையராஜா, அதே ரகுமான். பாளையங்கோட்டை நகைக்கடை விளம்பரம் ஒன்று வந்தால்தான் உறுதி. மலையாளம் விழுந்தால் பாதி வேலை மிச்சம், திருவனந்தபுரம் பக்கம் என்று தேட ஆரம்பிக்கலாம்.

தொலைக்காட்சியிலும் டிஎக்ஸ் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். 80களில் யாழ்ப்பாணத்தில் உயரக் கம்பம் நட்டு, பூஸ்டர் பூட்டி, தூரதர்ஷன் பார்த்த தலைமுறை இந்தக் குழுவிலேயே இருக்கிறது. அவர்கள் படம் பார்க்கப் பார்த்தார்கள், சரி, அதை டிஎக்ஸ் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் திரையில் மணல் கொட்டுவதற்கு நடுவே தெரியும் நிலையச் சின்னத்தைப் படமெடுத்துச் சேர்க்கிறவர் செய்வது இதே வேலைதான், அவருக்குக் "கேட்பு" பொருந்தாது.

சனம் வாயால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். "திருச்சி பிடிக்குதா?" "சென்னை இழுக்குது." கேட்குதா என்று கேட்பவர் குறைவு. பிடித்தல்தான் வினை.

> அலைவேட்டை! கேட்டதும் இளைஞர்கள் வருவார்கள்.

வருவார்கள் தம்பி, ஆனால் அந்தப் பெயருக்கு வேறு உரிமையாளர் இருக்கிறார். ஹாம் வானொலிக்காரர் (தாங்களே பரப்பி வைத்து ஒருவரோடொருவர் பேசும் பொழுதுபோக்காளர்) ஒளித்துவைத்த பரப்பியைத் திசையறி அன்டெனாவோடு தேடிப்போகும் போட்டிக்குப் பல நாடுகளில் நரிவேட்டை என்றுதான் பெயர். வேட்டையை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பீர்கள்? தவிர, வேட்டைக்காரர் தேடிப் போகிறார். இவர் மொட்டைமாடியில் இருந்த இடத்தில் இருக்கிறார்.

"எட்டலை" (எட்ட + அலை) என்று முன்வைத்த அக்காவுக்கு: எட்ட என்பதை எடுத்தது மிகச் சரி, அதற்கு என் முழு ஆதரவு. யாழ்ப்பாணத்தில் "எட்டக் கிடக்கு" என்போம், தமிழ்நாட்டில் "எட்டப் போ" என்பார்கள், இரண்டு கரைக்கும் புரியும். ஆனால் எட்டலை என்று மதுரையில் போய்ச் சொன்னால் "ஏன் எட்டலை, அன்டெனாவை இன்னும் கொஞ்சம் உயர்த்து" என்பார்கள். கிடைத்ததற்கு வைக்கும் பெயர் கிடைக்கவில்லை என்று காதில் விழக்கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: எட்டப்பிடி. வினையாக "எட்டப்பிடித்தல்". மீன்பிடி என்று ஏற்கனவே பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறோம், மீன்பிடித் துறைமுகம் வரை போயாயிற்று. அதே வார்ப்பு, எட்டப்பிடிப் பதிவேடு, எட்டப்பிடிப் பருவம் என்று நீட்டலாம். ஆளைக் குறிக்க "எட்டப்பிடிகாரர்". பக்கத்திலேயே "எட்டிப் பிடி" என்ற வழக்கு இருப்பதால் புதிதாகக் கேட்பவருக்கும் பாதி விளங்கும், மீதியை ஒரு வரியில் சொல்லிக்கொடுக்கலாம்.

எட்டயபுரத்து நண்பர் இப்போதே சிரிப்பார், தெரியும். எட்டப்பன் நினைவு வருகிறது என்ற ஆட்சேபனையை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்கிறேன். வந்தால் வரட்டும், எட்டு மணி எட்டாம் நம்பர் எல்லாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஹாம்காரர்கள் சொல்லும் டிஎக்ஸ் வேறு. அவர்கள் தூரத்து ஆளோடு பேசுகிறார்கள், பதில் வரவேண்டும். அதற்கு "எட்டத்தொடர்பு" என்று தனிப் பதிவு போடலாம். இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தால் இரண்டு பக்கமும் கோபிக்கும்.

அடுத்தது துணைச்சொற்கள், உண்மையில் இவைதான் கூடுதல் வேலை வாங்கும். கொழும்பில் எட்டப்பிடிக்கு முக்கியமாக இரண்டு வழி, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. மத்திய அலையில் பகலில் சென்னை 720 கிடைக்காது, இரவில் கிடைக்கும். நேர்கோட்டில் 680 கிலோமீற்றருக்கு மேல். பகலில் அயன்மண்டலத்தின் (வளிமண்டலத்தில் உயரே மின்னேற்றம் பெற்றுக் கிடக்கும் பகுதி) கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், டி என்று ஒரு படை (அடுக்கு) உருவாகி மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் விழுந்ததும் அந்தப் படை கரைந்துபோக, அலை மேலே போய் அதற்கு மேலுள்ள படைகளில் திரும்பி நம் ஊரில் இறங்குகிறது. மெதுவாக மங்குவதும் திரும்பி வருவதும் அதனால்தான். இதற்கு "வான்தெறிப்பு" என்று வைக்கலாம். தெறிப்பு என்றால் இங்கே பாடப்புத்தகத்தில் பிரதிபலிப்பு, தமிழ்நாட்டு மாணவர் எதிரொளிப்பு என்று படித்திருப்பார். அலைக்கு "ஒளி" எதற்கு என்பதால் தெறிப்புக்கே என் வாக்கு.

எப்.எம். அப்படி அல்ல. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை அயன்மண்டலம் வழக்கமாகத் திருப்புவதில்லை, அவை அதைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். நூறு மீற்றர் உயரக் கோபுரத்துக்கு அடிவானம் நாற்பது கிலோமீற்றர் சொச்சத்தில் முடிந்துவிடும். கொடைக்கானல் 100.5 மலைமேல் இருப்பதால் தமிழ்நாட்டில் அத்தனை மாவட்டங்களைத் தொடுகிறது, ஆனால் கொழும்பு 450 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, அந்த மலைக்கும் அடிவானத்துக்கு அப்பால்தான். பிறகு எப்படித் தென்தமிழ்நாட்டு எப்.எம். இங்கே விழுகிறது? கடல்மேல் ஈரமான காற்று கீழே கிடக்க, அதன்மேல் வெப்பமான உலர்ந்த காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். அலை மேலே தப்ப முடியாமல் வளைந்து வளைந்து அந்த இடைவெளியிலேயே ஓடி மறுகரைக்கு வந்துவிடும். இது காற்று அடங்கிய இரவுகளிலும் விடிகாலைகளிலும் நடப்பது, கொஞ்சம் காற்றெழும்பி எல்லாவற்றையும் கலக்கிவிட்டால் முடிந்தது.

ஆங்கிலத்தில் இதை டக்ட் என்பார்கள். அதற்கு "குழாய்" வேண்டாம், நாலு பக்கமும் மூடியதாகத் தோன்றுகிறது. "வளிவாய்க்கால்" எப்படி? கீழே கடல், மேலே சூடான காற்று, நடுவில் ஓட்டம். வாய்க்கால் திறந்தது, வாய்க்கால் அடைத்தது என்று பேச்சிலும் வரும்.

இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் காதுக்கும் வித்தியாசம் தெரியும். மத்திய அலையில் ஒரே இடத்தில் இரண்டு நிலையம் வந்தால் இரண்டும் கலந்து கேட்கும், நடுவே ஒரு விசில். எப்.எம். வாங்கி அப்படி விடாது, பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். அதனால் கொழும்பு மாதிரி எப்.எம். நெரிசலான ஊரில் உள்ளூர் நிலையங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம் தேடி அங்கே காதை வைத்திருப்பதைத் தவிர வழியில்லை. மரின் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த பல்கனி கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உள்ளே தள்ளி இருக்கும் தொடர்மாடிகளில் எல்.ஈ.டி. பல்புகளும் போன் சார்ஜர்களும் போடும் இரைச்சலில் மத்திய அலை பாதி செத்தே வரும்.

மிச்சம் இருப்பது எப்போதாவது ஈ என்ற அடுக்கில், 100 கிலோமீற்றர் சொச்சம் உயரத்தில், திட்டுத் திட்டாக அடர்த்தி கூடி எப்.எம்.மையே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூக்கி எறியும் விவகாரம். நம் வழக்குப்படி அது "திடீர் ஈ-படை". இலங்கையில் ஓசோன் படை என்று படித்தவருக்கு உறுத்தாது, ஆனால் தமிழ்நாட்டில் இதை வாசிப்பவருக்கு இலையான் (ஈ) கூட்டம் ஒன்று போருக்குக் கிளம்பியதுபோலத் தெரியும். "ஈ-அடுக்கு" என்றாலும் ஈ போகவில்லை. ஆங்கில எழுத்தை இப்படியே வைப்பதா, அல்லது டி, ஈ, எப் மூன்றுக்கும் கீழ், நடு, மேல் என்று போட்டுவிடுவதா என்பதில் எனக்கு முடிவில்லை.

பட்டியலுக்கு நான் எழுதிவைத்திருக்கும் வரி இது, வெட்டித் திருத்துங்கள்: "எட்டப்பிடி – ஒரு நிலையம் தன் சேவைப் பரப்பாகக் கருதாத இடத்தில் இருந்துகொண்டு அதன் ஒலிபரப்பையோ ஒளிபரப்பையோ வாங்கி, எந்த நிலையம் என்று உறுதிசெய்தல்." கடைசிப் பகுதியை நீக்கவேண்டாம். அடையாளம் தெரியாமல் பிடித்ததைப் பதிவேட்டில் யாரும் எண்ணுவதில்லை. நேரத்தை உலக நேரத்தில் எழுதவேண்டும் என்பது நடைமுறை, வரைவிலக்கணத்துக்குள் வேண்டியதில்லை.

நாம் பிடித்ததை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைக்கு "உறுதியட்டை" என்று கண்டியிலிருந்து வந்த மடலில் இருந்தது, எனக்கு முழுச் சம்மதம், அதை அப்படியே ஏற்றிவிடலாம். வளிவாய்க்காலுக்கும் ஈ-படைக்கும் மாற்று வைத்திருப்பவர்கள் இந்த இழையிலேயே போடுங்கள், புது இழை தொடங்கினால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து