புதுப்பிப்பு: பெருவிரல் மூட்டுப் புடைப்பு – வலி அடங்கியது, கோணல் அப்படியேதான்

அம்மாவின் கால் பெருவிரல் மூட்டுப் புடைப்புக்கு (ஹாலக்ஸ் வால்கஸ் – பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, மூட்டு வெளியே புடைப்பது) ஆபரேஷன் இல்லாமல் வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "முதலில் ஷூவை மாற்றுங்கள்" என்ற யோசனைதான். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், நிற்கவைத்துப் பேப்பரில் பாதத்தை வரைந்தோம். அதை வெட்டி இன்சோல் (ஷூவுக்குள் பாதம் படியும் அட்டை) மேல் வைத்தால் ஷூ எவ்வளவு குறுகல் என்று உடனே தெரியும். முன்பக்கம் அகலமான, ஹீல் தாழ்ந்த ஷூ வாங்கி, புடைப்புக்கு நேரே உள்ள துளையில் லேஸ் கோக்காமல் விட்டோம். உரசலும் தோல் சிவப்பதும் நின்றன.

எதிர்பாராதது சிலிக்கோன் ஸ்பேசர் (பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வைக்கும் மெத்தென்ற துண்டு). தடிமனானது பெருவிரலை விட்டுவிட்டு இரண்டாம் விரலைத் தள்ளியது. மெல்லியது பரவாயில்லை, அதுவும் அகல ஷூவில் மட்டும். சர்க்கரை உள்ளவர்கள் போட்டால் விரலிடுக்கைத் தினமும் பார்த்தே ஆகவேண்டும்.

இரவு ஸ்பிளின்ட் (தூங்கும்போது விரலை நேராகப் பிடித்து வைக்கும் பட்டை) வலிக்கு ஆறுதல், எலும்பை நேராக்காது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் பெருவிரல் சாய்ந்திருக்கும் கோணம் அதே 28 டிகிரி (15க்குக் கீழ் இயல்பு, 40ஐத் தாண்டினால் கடுமை).

அழகுக்காக ஆபரேஷன் வேண்டாம், வலி அடங்காவிட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டர். எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடுவார்கள். எலும்பு சேர சுமார் 6 வாரம், வீக்கம் முழுதாக வடியப் பல மாதம்.